சொட்டு மருந்தா, ஊசியா? போலியோ ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் எதை, எப்போது தேர்வது

ஆறு வாரக் குழந்தைக்குத் தனியார் மருத்துவமனையில் ஆறு நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போட்டுவிட்டு வீடு திரும்பிய பெற்றோர், வரும் ஞாயிற்றுக்கிழமை போலியோ முகாம் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் குழம்பிப் போகிறார்கள். ஊசியிலேயே போலியோ மருந்து அடங்கியிருக்கும்போது சொட்டு எதற்கு என்பது ஒரு கேள்வி. சொட்டு மருந்தாலேயே சில குழந்தைகளுக்கு வாதம் வருகிறதாமே என்பது அதைவிடக் கலக்கம் தரும் இன்னொரு கேள்வி. சில வீடுகளில் இதற்கு நேர்மாறான பேச்சும் நடக்கிறது: சொட்டு ஊற்றியாகிவிட்டது, பச்சைக் குழந்தைக்கு மேலும் ஊசி எதற்கு என்று பாட்டி தடுக்கிறார்.

இந்தக் கேள்விகள் அறியாமையால் எழுபவை அல்ல. உலக நாடுகளின் சுகாதாரத் துறைகளும் உலக சுகாதார நிறுவனமும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இதே கேள்வியோடுதான் போராடி வருகின்றன. நம் பக்கத்தில் இதை ஆழமாகவும் விடாப்பிடியாகவும் ஆராய்ந்தவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான். குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளருமான அவர், நோயாளியைப் படுக்கையருகே பார்த்த கண்ணோடு ஆய்வுக்கூட எண்களையும் பார்த்தவர். அவருடைய கருத்துகளில் சிலவற்றைக் காலம் மெய்ப்பித்திருக்கிறது, சில இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. அவற்றைத் துணைக்கொண்டு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

போலியோ வைரஸ் வாய்வழியே உடலுக்குள் போய், தொண்டையிலும் குடலிலும் பெருகி, மலத்தோடு வெளியேறுகிறது. தொற்று கண்ட சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் அது நரம்பு மண்டலத்தை எட்டி மீளாத முடக்கத்தை உண்டாக்குகிறது. அப்படி முடங்கியவர்களிலும் 5 முதல் 10 விழுக்காட்டினர் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்துபோகிறார்கள். மீதி 199 பேர் காய்ச்சல் கண்டோ, எதுவுமே தெரியாமலோ நடமாடிக்கொண்டு கிருமியைப் பரப்புகிறார்கள். ஒரு குழந்தையின் கால் முடங்கும்போது அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கும் என்பதே இதன் பொருள்.

ஆகவே தடுப்பு மருந்தைப் பார்த்து இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். போட்டுக்கொண்ட குழந்தையின் நரம்பை அது காக்கிறதா என்பது முதலாவது. அந்தக் குழந்தையின் குடலில் கிருமி தங்கிப் பெருகி அடுத்த வீட்டுக்குப் போவதை அது தடுக்கிறதா என்பது இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

மூன்றாவது அளவுகோல், மருந்தே தீங்கு செய்யக்கூடுமா, எத்தனை பேருக்கு என்பது. நான்காவது, பணம், ஆள்பலம், குளிர்பதன வசதி ஆகியவற்றைக் கணக்கிட்டால் கடைக்கோடிக் குழந்தை வரை அது போய்ச் சேருமா என்பது. ஐந்தாவதை ஜேக்கப் ஜான் வலியுறுத்திவந்தார், திட்டமிடுவோர் நெடுங்காலம் தள்ளிப்போட்டார்கள்: நோய் ஒழிந்தபின் இந்த மருந்தைப் பாதுகாப்பாக நிறுத்த முடியுமா?

## பழைய சொட்டு மருந்து

ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய இந்த மருந்தில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். இரண்டு சொட்டு நாக்கில் விழுந்தால் போதும். சிரிஞ்சும் வேண்டாம், செவிலியர் பயிற்சியும் வேண்டாம். உண்மையான கிருமி செல்லும் அதே வழியில் சென்று குடலிலேயே எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதால், இரண்டாவது அளவுகோலில் இதற்கு நிகரில்லை. விலையும் மிகக் குறைவு. உலக சுகாதார மாநாடு 1988-இல் போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தபோது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது பெரும்பாலும் இந்தச் சொட்டுதான்.

ஆனால் வேலூரில் வேறொன்று தெரிந்தது. விதிப்படி மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளும் வாதம் கண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். மருந்து குளிர் கெட்டுப் போயிருக்கும் என்பதே அக்காலத்தில் எளிதாகச் சொல்லப்பட்ட காரணம். ஜேக்கப் ஜானும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களில் முறையாகக் காக்கப்பட்ட மருந்தையே கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். மேலை நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் கிடைத்த எதிர்ப்பாற்றல் நம் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் கிடைக்கவில்லை, குறிப்பாகப் போலியோ வைரஸின் மூன்று வகைகளில் முதலாம், மூன்றாம் வகைகளுக்கு எதிராக. குறை மருந்துப் பெட்டியில் மட்டும் இல்லை. வெப்ப நாட்டுக் குழந்தையின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பிற கிருமிகளோடு இந்த வலுக்குறைந்த வைரஸ் போட்டியிட வேண்டியிருந்தது.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவுகள் இரண்டு. சொட்டு மருந்தையே பயன்படுத்துவதென்றால் தவணைகளைக் கூட்ட வேண்டும், அதையும் ஆளுக்கொரு நாளாக அல்லாமல் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. 1980-களின் தொடக்கத்தில் வேலூரில் இவ்வாறு செய்து நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 1995-இல் நாடு முழுவதும் தொடங்கிய பல்ஸ் போலியோ இந்தக் கருத்தின் விரிவாக்கம் என்றே சொல்லலாம். குடலின் நிலையைச் சாராத ஊசி மருந்தையும் இந்தியா கையில் எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை நாடு ஏற்றுக்கொண்டது. இரண்டாவதை ஏற்க 2015 வரை ஆனது.

அவர் கண்டதை வடக்கே பெரிய அளவில் உத்தரப்பிரதேசம் மீண்டும் காட்டியது. மூவகையும் கலந்த சொட்டு மருந்தின் ஒரு தவணை, முதலாம் வகைப் போலியோவிலிருந்து அங்கே ஏறத்தாழ 9 விழுக்காடு பாதுகாப்பையே தந்தது என 2006-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பத்துத் தவணை சொட்டு பெற்ற குழந்தையும் முடங்கக்கூடிய நிலை அது. ஒரே வகையை மட்டும் கொண்ட மருந்தும், 2010-இல் வந்த இருவகை மருந்தும் கைகொடுத்தபின், 2009-இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2010-இல் 42 ஆகி, 2011-இல் ஒன்றோடு நின்றது. அந்தக் கடைசிக் குழந்தைக்கு மேற்கு வங்கத்தின் ஹௌராவில் 2011 ஜனவரி 13 அன்று முடக்கம் தொடங்கியது. நூறு கோடிப் பேர் வாழும் நாட்டில் இதைச் செய்து முடித்தது சொட்டு மருந்துதான் என்பதை, ஊசியை எவ்வளவு ஆதரித்தாலும், மறுப்பதற்கில்லை.

அந்த உழைப்பின் விலை மருந்தின் விலைப்பட்டியலில் தெரியாது. முகாமில் ஒரு குப்பியை எடுத்துப் பாருங்கள். ஒட்டுத்தாளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சிறு சதுரம் இருக்கும். சதுரம் வெளிறியிருக்கும்வரை மருந்து நல்லது. வெப்பம் பட்டுப் பட்டுச் சதுரம் கருத்து, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டும். பனிக்கட்டிப் பொதிகள் அடுக்கிய நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் போய், இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்து, வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, விடுபட்ட வீட்டுக்கு மறுநாள் திரும்பிவந்த லட்சக்கணக்கான பெண்களின் கால்நடைதான் உண்மையான செலவு. ஒரே தேசிய முகாமில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் பணியாற்றியிருக்கிறார்கள். அந்த நாட்களில் கிராம சுகாதார செவிலியர் செய்ய வேண்டிய மற்ற வேலைகள் காத்துக்கிடந்ததையும் இந்தச் செலவில் சேர்க்க வேண்டும்.

இனி, பெற்றோரை அச்சுறுத்தும் செய்தி. சொட்டு மருந்து மிக அரிதாக முடக்கத்தை உண்டாக்குகிறது என்பது உண்மை. மூவகை மருந்து வழக்கில் இருந்த காலத்தில், 10 லட்சம் பிறப்புக்கு 2 முதல் 4 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆண்டுக்கு 2.5 கோடிக் குழந்தைகள் பிறந்த நாட்டில் அது 50 முதல் 100 குழந்தைகள். நோய் ஆயிரக்கணக்கில் முடக்கிக்கொண்டிருந்தபோது இந்த எண் அதன் நிழலில் மறைந்திருந்தது. நோய் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபின், மருந்தால் முடங்குவோர் நோயால் முடங்குவோரைவிட அதிகமானார்கள். ஊசி என்ற மாற்று இருக்கும்போது, அரசே கொடுத்த மருந்தால் ஒரு குழந்தை முடங்குவதைத் தவிர்க்க முடியாத விலை என்று ஏற்பது அறமாகாது என ஜேக்கப் ஜான் தொடர்ந்து எழுதினார். எனக்கு இதில் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. அந்தக் குழந்தைகளைத் தனியே கணக்கெடுத்து இழப்பீடு தரும் ஏற்பாடுகூட நம்மிடம் உருவாகவில்லை.

இன்னொரு தீங்கு கூட்டத்தையே தொடுவது. சொட்டு மருந்து பெற்ற குழந்தை அந்த வைரஸைச் சில வாரங்கள் மலத்தில் வெளியேற்றும். அக்கம்பக்கத்தில் பெரும்பாலோர் தடுப்பு பெற்றவர்களாக இருந்தால் அது அங்கேயே அவிந்துவிடும். பெறாதவர்கள் மிகுந்திருந்தால் குழந்தைக்குக் குழந்தை தாவி, மாதக்கணக்கில் உலவி, படிப்படியாக மாறிப் பழைய கொடுமையைத் திரும்பப் பெற்றுவிடும். 2000-இல் ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிடும் தீவில் இது முதன்முதலாகத் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. இவ்வகைப் பரவல் தடுப்பு குறைந்த ஊரில்தான் தலையெடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அஞ்சிச் சொட்டைத் தவிர்ப்பவர்கள் எண்ணிக்கை கூடக்கூட அதற்கு வழி அகலமாகிறது.

## ஊசி மருந்து

ஜோனஸ் சால்க்கின் மருந்து 1955-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். முறையாகத் தயாரித்தால் முடக்கத்தை உண்டாக்க அதற்கு வழியே இல்லை. முதல் அளவுகோலில் இது மிக உயர்வாக நிற்கிறது. மூன்று தவணை முழு அளவில் பெற்றவர்களில் ஏறத்தாழ எல்லோருக்குமே இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. வெப்ப நாட்டுக் குடலின் போட்டி இதைப் பாதிப்பதில்லை. 'நம் குழந்தைகளுக்கு' என்று ஜேக்கப் ஜான் அழுத்திச் சொன்னதற்கு இதுவே காரணம்.

நெதர்லாந்து ஆரம்பத்திலிருந்தே ஊசியை மட்டும் நம்பிய நாடு. 1992-93-இல் மதக் காரணங்களால் தடுப்பூசி மறுக்கும் சமூகத்துக்குள் போலியோ புகுந்தபோது 71 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தனர். சுற்றிலும் இருந்த தடுப்பூசி பெற்ற பெருங்கூட்டத்தில் நோய் பரவவில்லை. ஊசி கூட்டத்தைக் காக்காது என்று ஒரே அடியாகச் சொல்வோருக்கு இது பதில்.

ஆனால் இஸ்ரேல் வேறு கதை சொல்கிறது. 2005 முதல் ஊசியை மட்டும் போட்டுவந்த அந்த நாட்டில், 95 விழுக்காட்டை ஒட்டிய தடுப்பூசி அளவு இருந்தும், 2013-இல் தெற்கே ராஹத் நகரின் கழிவுநீரில் முதலாம் வகைக் காட்டு வைரஸ், அதாவது மருந்திலிருந்து வராமல் இயற்கையில் உலவும் வைரஸ், கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. ஆயினும் வைரஸ் மாதக்கணக்கில் ஊரில் உலவியது. ஊசி நரம்பைக் காத்தது, குடலை அடைக்கவில்லை. கடைசியில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு மறுபடியும் சொட்டு கொடுத்துத்தான் அதை நிறுத்தினார்கள்.

இந்த இரண்டு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஊசியின் எல்லை தெரியும். கிருமி மலத்தின் வழியே எளிதில் கைமாறும் நெருக்கமான, கழிவுநீர் வசதி குறைந்த இடத்தில் ஊசி மட்டும் போதாது. தொண்டை வழிப் பரவலே முக்கியமான இடத்தில் அதுவே போதும். போலியோ பரவுவதில் மூச்சுவழிக்கே பெரும்பங்கு உண்டு, ஆகவே நம் நாட்டிலும் ஊசி பரவலைத் தடுக்கும் என்று ஜேக்கப் ஜான் வாதிட்டிருக்கிறார். இந்த ஓர் இடத்தில் அவரோடு உடன்பட எனக்குத் தயக்கம் உண்டு. ராஹத்தின் கழிவுநீர் எதிர்ப்பக்கம் சாட்சி சொல்கிறது.

ஊசிக்கும் மறைசெலவுகள் உண்டு. விலை சொட்டைப் போலப் பல மடங்கு. போடுவதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் மேசை போட்டுத் தன்னார்வலரை வைத்துக் கொடுக்க முடியாது. பலருக்குத் தெரியாத மற்றொன்று தயாரிப்புக்கூடத்தின் ஆபத்து. சால்க் மருந்தைச் செய்ய உயிருள்ள கொடிய வைரஸைப் பெருமளவில் வளர்த்துப் பிறகு கொல்ல வேண்டும். 1955-இல் அமெரிக்காவில் சில தொகுதிகளில் வைரஸ் முழுமையாகச் சாகாமல் போனதால் குழந்தைகள் முடங்கினார்கள், சிலர் இறந்தார்கள். 2014-இல் பெல்ஜியத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து 45 லிட்டர் வைரஸ் கரைசல் தவறுதலாகக் கழிவுநீரில் கலந்தது. உலகம் போலியோ அற்றதாகும் நாளில் இந்தக் கூடங்களே கிருமி இருக்கும் சில இடங்களாக எஞ்சும். வலுக்குறைந்த சேபின் வைரஸைக் கொண்டு ஊசி மருந்து செய்யும் முறையை ஜப்பானும் சீனாவும் கைக்கொண்டிருப்பது இதற்கு ஒரு விடை.

ஐந்தாவது அளவுகோலில் ஊசிக்கு எதிரே யாரும் நிற்க முடியாது. அது எந்த வைரஸையும் ஊருக்குள் விடுவதில்லை. காட்டு வைரஸ் மட்டுமன்றி மருந்து வைரஸும் உலவாத நிலையே உண்மையான ஒழிப்பு என்று ஜேக்கப் ஜான் வரையறுத்தார். சொட்டு கொடுத்துக்கொண்டே அந்த நிலைக்குப் போக முடியாது.

## புதிய சொட்டு மருந்து

இது பெற்றோர் தேர்ந்தெடுக்கும் மருந்து அல்ல. பரவல் வந்த நாட்டுக்கு மட்டும் அனுப்பப்படுவது. எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் வகை வைரஸின் மரபணுவில் சில இடங்களை மாற்றி, பழைய கொடுமைக்குத் திரும்பும் பாதையைக் கடினமாக்கியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதித்து, 2023 டிசம்பரில் முழு முன்தகுதி வழங்கியது. நூறு கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் செலவாகியுள்ளன.

காஸாவில் 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்று மருந்து வழி, அதாவது சொட்டு மருந்திலிருந்து மாறிவந்த, இரண்டாம் வகை வைரஸால் முடங்கியது. 25 ஆண்டுகளில் அங்கே அதுவே முதல் நோயாளி. போருக்கு முன் 99 விழுக்காடாக இருந்த தடுப்பு, போரின் நடுவே 90-க்கும் கீழே இறங்கியிருந்தது. செப்டம்பரில் சண்டைக்கு இடைவெளி விட்டுவிட்டு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் புதிய சொட்டைக் கொடுத்தார்கள். குண்டு விழும் ஊரில், கூடாரத்தில் வாழும் குழந்தைக்கு ஊசியோடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

இதுவும் முழுமையானதல்ல. தடுப்பு மிகக் குறைந்த சில ஆப்பிரிக்கப் பகுதிகளில் இந்த மருந்து வைரஸும் மாறிப் பரவியது 2023-இலிருந்து பதிவாகியுள்ளது. பழையதைவிட வெகு அரிது, ஆனால் நடக்காதது அல்ல.

## இரண்டும் சேர்ந்து

2016 ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் 155 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகையை ஒரே வீச்சில் நீக்கின. இந்தியாவில் அந்த நாள் ஏப்ரல் 25. இரண்டாம் வகைக் காட்டு வைரஸ் 1999-இல் அலிகரில் கடைசியாகக் காணப்பட்டு ஒழிந்துவிட்டது. ஆகவே அதை மருந்தில் வைத்திருப்பது தேவையற்ற ஆபத்து. கணக்கு சரியாகவே இருந்தது. நீக்குவதற்கு முன் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஊசி உற்பத்தி உலகளவில் தட்டுப்பட்டது, பல நாடுகளுக்கு அது வந்து சேரவே இல்லை. இரண்டாம் வகைக்கு எந்தத் தடுப்பும் இல்லாத ஒரு தலைமுறை பிறந்தது. 2020-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை மருந்து வழி இரண்டாம் வகை வைரஸ் முடக்கியது. ஒழிப்புத் திட்டமே அமர்த்திய மதிப்பீட்டாளர்கள் 2024-இல் அந்த மாற்றத்தைத் தோல்வி என்றே எழுதினார்கள். முதலில் ஊசி, பிறகு சொட்டை நிறுத்துவது என்ற வரிசையை ஊசியை ஆதரித்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். வரிசை பிறழ்ந்ததற்கு விலை கொடுத்தவர்கள் நைஜீரியாவிலும் காங்கோவிலும் ஏமனிலும் இருந்த குழந்தைகள்.

இந்தியா 2016-இல் அந்தக் குழியில் விழாமல் தப்பியதற்கு ஒரு காரணம், கையிலிருந்த ஊசி மருந்தைப் பகிர்ந்து கொடுத்தது. தசையில் 0.5 மில்லி போடுவதற்குப் பதில், ஐந்தில் ஒரு பங்கான 0.1 மில்லியைத் தோலுக்குள் இரண்டு முறை போட்டால், ஒரு முழு ஊசியைவிட நல்ல பலன் கிடைக்கிறது. தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில் 2016-இல் இது தொடங்கியது. ஆறாம் வாரம், வலது மேற்கையில், தோலுக்குக் கிடையாக ஊசியை நுழைத்து அழுத்தும்போது கொசுக்கடி போல ஒரு வெளிறிய தடிப்பு எழும். அது எழுந்தால் மருந்து சரியான இடத்தில் இறங்கியது என்று பொருள். எழாவிட்டால் ஆழமாகப் போயிருக்கலாம். இந்தச் சின்னத் தடிப்பு சரியாக எழுவதற்குச் செவிலியரின் கை பழக வேண்டும். இம்முறையின் மறைசெலவு அந்தப் பயிற்சிதான்.

வேலூரில் நடந்த மற்றோர் ஆய்வு இந்த இணைப்புக்குப் பலமான ஆதாரம் தந்தது. ஏற்கெனவே பலமுறை சொட்டு பெற்ற ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் 450 பேரைக் கொண்டு ககன்தீப் காங் குழுவினர் செய்த அந்த ஆய்வு 2014-இல் வெளியானது. சொட்டு பெற்ற குடலுக்குமேல் ஒரே ஓர் ஊசி போட்டால், மலத்தில் வைரஸ் வெளியேறுவது கணிசமாகக் குறைகிறது என்று அது காட்டியது. ஊசி தனியாகக் குடலை அடைப்பதில்லை, ஆனால் சொட்டு பழக்கிவைத்த குடலின் நினைவை அது மீண்டும் எழுப்புகிறது. இந்த முடிவைப் படித்தபின், எது சிறந்தது என்ற பழைய சண்டையே எனக்குப் பொருளற்றுப்போனது.

| அளவுகோல் | சொட்டு மட்டும் | ஊசி மட்டும் | இரண்டும் |
|---|---|---|---|
| குழந்தையின் நரம்பு | நம் நாட்டில் பல தவணை தேவை | மிக நன்று | மிக நன்று |
| குடல், பரவல் | நன்று | குறைவு | மூன்றிலும் சிறந்தது |
| மருந்தால் முடக்கம் | மிக அரிதாக உண்டு | இல்லை | ஊசி முந்தினால் மேலும் அரிது |
| கடைக்கோடி வரை எட்டுதல் | எளிது | பயிற்சியும் பணமும் வேண்டும் | இரட்டைச் செலவு |
| பாதுகாப்பாக நிறுத்துதல் | ஊசி இல்லாமல் ஆபத்து | இயலும் | படிப்படியாக இயலும் |

## எந்த நிலைமையில் எது

காட்டு வைரஸ் இன்னும் உலவும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் சொட்டைக் கைவிடுவது பற்றிப் பேசவே இடமில்லை. 2023-இல் இரு நாடுகளிலும் சேர்ந்து 12 ஆக இருந்த எண்ணிக்கை 2024-இல் 99 ஆக ஏறியது. அங்கே குடலை அடைப்பதே முதல் வேலை, ஊசி அதற்குத் துணை. மருந்து வழி இரண்டாம் வகை பரவும் இடத்தில் புதிய சொட்டு, அதுவும் தாமதமில்லாமல், வீடு விடாமல். அரைகுறை முகாம் நடத்துவது அடுத்த பரவலுக்கு விதை போடுவது.

கழிவுநீர் வசதியும் 95 விழுக்காட்டை ஒட்டிய தடுப்பும் உள்ள நாட்டுக்கு ஊசி மட்டும் போதும். அமெரிக்கா 2000 முதல் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காப்பு சராசரியில் அல்ல, ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும். 2022-இல் நியூயார்க்கின் ராக்லண்ட் வட்டாரத்தில் தடுப்பூசி பெறாத இளைஞர் ஒருவர் முடங்கினார். நாட்டின் சராசரி அவருக்கு உதவவில்லை.

இந்தியா நடுவில் நிற்கிறது. காட்டு வைரஸ் இல்லை, ஆனால் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2004-க்குப் பின் நோயாளி இல்லை, ஆனால் தமிழ்நாடு தனித் தீவு அல்ல. 2018-இல் வடக்கே ஒரு தயாரிப்பாளரின் சொட்டு மருந்துத் தொகுதிகளில் நீக்கப்பட்ட இரண்டாம் வகை வைரஸ் கலந்திருந்தது தெரியவந்தது. சொட்டைத் தொடரும்வரை இத்தகைய தவறுகளுக்கும் இடம் உண்டு. எனவே இப்போதைக்கு இரண்டும் வேண்டும். சொட்டை நிறுத்தும் நாளை முடிவு செய்ய, நாட்டின் சராசரியைப் பார்க்காமல் மிகக் குறைந்த தடுப்புள்ள மாவட்டத்தின் ஊசிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2016 கற்றுக்கொடுத்தது அது.

## பெற்றோருக்கு

ஊசி கட்டாயம் வேண்டும், அது குழந்தையின் கால்களுக்கான காப்பு. தனியாரிடம் 6, 10, 14 வாரங்களில் போடும் ஆறு நோய் ஊசியில் போலியோ மருந்து முழு அளவில் அடங்கியிருக்கிறது. அரசு மையத்தில் 6, 14 வாரங்களிலும், 2023 முதல் ஒன்பதாம் மாதத்திலும் தோலுக்குள் போடுகிறார்கள். இரண்டில் எந்த வழியும் சரி, அரைகுறையாக விடுவதுதான் தவறு.

தனியாரிடம் ஊசி போட்டிருந்தாலும் முகாம் நாளில் சொட்டையும் கொடுங்கள். ஊசி பெற்ற குழந்தைக்குச் சொட்டால் முடக்கம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை, ஏனெனில் நரம்பு ஏற்கெனவே காக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு சொட்டு உங்கள் குழந்தையின் குடலை அடைத்து, அண்டை வீட்டுக் கைக்குழந்தையைக் காக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களில் முகாம் நடந்தது, ஆகவே தொலைவு ஒரு காரணமாக இருக்காது.

இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்கு உயிருள்ள சொட்டு மருந்து கூடாது. மேகாலயாவின் மேற்கு காரோ மலை மாவட்டத்தில் 2024 ஆகஸ்டில் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கண்ட மருந்து வழிப் போலியோ, எதிர்ப்பாற்றல் குறைபாட்டோடு தொடர்புடையது. குடும்பத்தில் குழந்தைகள் அடிக்கடி கடும் தொற்றால் இறந்திருந்தாலோ, உங்கள் குழந்தைக்கே திரும்பத் திரும்பக் கடும் தொற்று வந்தாலோ, சொட்டுக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அத்தகைய குழந்தைக்கு ஊசி மட்டுமே போதும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இன்றே தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். பல அட்டைகளில் ஆறாம் வாரமும் பதினான்காம் வாரமும் நிரம்பியிருக்கும், ஒன்பதாம் மாதப் போலியோ ஊசிக்கான இடம் வெறுமையாக இருக்கும். அது தட்டம்மை ஊசியோடு அதே நாளில், இடது மேற்கையில் போட வேண்டியது. விடுபட்டிருந்தால் அடுத்த தடுப்பூசி நாளில் செவிலியரிடம் அந்தக் கட்டத்தைக் காட்டிக் கேளுங்கள்.